பிறை முகாம், 1915–1917: போர்க் கைதிகளைப் புனிதப் போருக்குத் திருப்ப முயன்ற ஜெர்மனி – ஒரு நிகழ்வு ஆய்வு

எதை ஆராய்கிறோம், ஏன்

முதல் உலகப் போரின்போது முஸ்லிம் மக்களை ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் ரஷ்யருக்கும் எதிராகக் கிளப்பிவிட ஜெர்மனி பல இடங்களில் வேலை பார்த்தது. காபூலுக்குத் தூதுக்குழு போனது. பாரசீகத்தில் உளவாளிகள் பழங்குடித் தலைவர்களோடு பேரம் பேசினார்கள். லிபியாவின் சனூசிகளுக்கு நீர்மூழ்கிக் கப்பலில் ஆயுதம் போனது. கர்பலாவின் ஷியா அறிஞர்களிடம் பத்வா வாங்க ஒரு குழு அலைந்தது.

இந்தக் கட்டுரை அவற்றை விட்டுவிட்டு, பெர்லினுக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், ட்சோசன் நகருக்கு அருகே வூன்ஸ்டார்ஃப் என்ற ஊரில் இருந்த ஒரு கைதி முகாமை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஜெர்மானியர்கள் அதற்கு வைத்த பெயர் பிறை முகாம்.

இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. மற்ற இடங்களில் திட்டம் தோற்றதற்கு ஆயிரம் சாக்கு சொல்லலாம்: தூரம் அதிகம், பணம் வந்து சேரவில்லை, ஆங்கிலேயரின் காவல் பலம். வூன்ஸ்டார்ஃபில் எந்தச் சாக்கும் செல்லாது. ஆட்கள் கம்பிவேலிக்குள் கையருகிலேயே இருந்தார்கள். தலைநகரம் பக்கத்தில். மொழி தெரிந்த அறிஞர்கள், இமாம்கள், அச்சகம், பணம், நேரம் எல்லாமே இருந்தன. இந்தத் திட்டம் எங்காவது பலித்திருக்க வேண்டுமென்றால் இங்கேதான் பலித்திருக்க வேண்டும்.

கைதிகள் யாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. வரலாற்றில் ஏற்கெனவே பதிவான அதிகாரிகளும் அறிஞர்களும் அரசியல்காரர்களும் மட்டும் பெயரோடு வருகிறார்கள்.

பின்னணி

1898 நவம்பரில் கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் டமாஸ்கஸ் நகரில் சுல்தான் சலாஹுத்தீனின் கல்லறைக்குப் போனார். உலகின் 30 கோடி முஸ்லிம்களுக்கும் ஜெர்மானியப் பேரரசர் என்றென்றும் நண்பராக இருப்பார் என்று அங்கே அறிவித்தார். அந்த முஸ்லிம்களில் பெரும்பாலோர் வேறு நாட்டுக் கொடிகளின்கீழ் வாழ்ந்தவர்கள். ஜெர்மனியின் சொந்தக் காலனிகளிலும், குறிப்பாகக் கிழக்கு ஆப்பிரிக்காவில், முஸ்லிம்கள் இருந்தார்கள். அந்த நட்பு அவர்களை எப்படித் தொட்டது என்ற பேச்சே எழவில்லை.

1914 ஜூலை 30 அன்று, போர் மூளுவது உறுதியானபோது, ஓர் அறிக்கையின் ஓரத்தில் கைசர் ஆத்திரத்தோடு குறிப்பு எழுதினார். துருக்கியிலும் இந்தியாவிலும் உள்ள நமது தூதரக ஆட்கள் முஸ்லிம் உலகம் முழுவதையும் ஆங்கிலேயருக்கு எதிராகக் கொளுத்திவிட வேண்டும் என்பது அதன் சாரம். ஆகஸ்ட் 2 அன்று துருக்கியை ஆண்ட உஸ்மானியப் பேரரசோடு இரகசிய உடன்படிக்கை கையெழுத்தானது. அக்டோபர் இறுதியில் உஸ்மானியக் கொடியேற்றிய ஜெர்மன் போர்க்கப்பல்கள் கருங்கடலில் ரஷ்யத் துறைமுகங்களைத் தாக்கின. உஸ்மானியரும் போருக்குள் வந்துவிட்டார்கள்.

இதையெல்லாம் ஒரு திட்டமாகக் கோத்தவர் மாக்ஸ் ஃபான் ஓப்பன்ஹைம். கொலோன் நகரின் பெரிய வங்கிக் குடும்பத்தில் பிறந்தவர். கெய்ரோவில் ஜெர்மன் தூதரகத்தோடு ஒட்டி ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர். சிரியாவின் தெல் ஹலாஃபில் அகழாய்வு நடத்தியவர். அரபு மொழியும் அரபு வீடுகளும் அவருக்குப் பழக்கம். 1914 இலையுதிர் காலத்தில் 136 பக்க அறிக்கை ஒன்றை அவர் அரசுக்குக் கொடுத்தார். எதிரிகளின் ஆட்சியில் உள்ள இஸ்லாமிய நிலங்களில் புரட்சியைத் தூண்டுவது பற்றியது அது. எகிப்தும் இந்தியாவும் எழுந்தால்தான் இங்கிலாந்து மண்டியிடும் என்பது அவர் கணக்கு. பிடிபடும் முஸ்லிம் கைதிகளைத் தனியே வைத்து நன்றாக நடத்த வேண்டும், அவர்களுக்குப் பள்ளிவாசல் கட்டித்தர வேண்டும் என்ற யோசனையும் அதில் இருந்தது.

நவம்பர் 14 அன்று இஸ்தான்புல்லின் ஃபாத்திஹ் பள்ளிவாசலில் ஜிஹாத் பத்வாக்கள் வாசிக்கப்பட்டன. மொத்தம் ஐந்து. ஐந்தாவதுதான் ஜெர்மனிக்கு முக்கியம்: எதிரிப் படைகளில் இருக்கும் முஸ்லிம்கள், உஸ்மானியருக்குத் துணை நிற்கும் ஜெர்மனியோடும் ஆஸ்திரியாவோடும் போரிடுவது பெரும் பாவம் என்றது அது. சில கிறிஸ்தவ நாடுகளோடு போரிடுவது கடமை, வேறு சில கிறிஸ்தவ நாடுகளோடு போரிடுவது பாவம். இந்த முரணை உலகம் கவனிக்காமல் இருக்குமா? 1915 ஜனவரியில் டச்சு அறிஞர் ஸ்னூக் ஹுர்க்ரோன்யே, இது ஜெர்மனியில் தயாரித்த புனிதப் போர் என்று எழுதினார். மக்காவிலேயே தங்கி இஸ்லாத்தைப் படித்தவர் அவர். அதனால் பெர்லின் அறிஞர்களுக்கு அந்த அடி நன்றாகவே வலித்தது.

அந்த நவம்பரில் நடந்த ஒரு சிறு சம்பவம் பின்னால் நடக்கப்போவதற்கு முன்னோட்டம் போல இருக்கிறது. மேற்குப் போர்முனையில் பிடிபட்ட வட ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் 14 பேரை ஜெர்மன் வெளியுறவு அலுவலகம் தேர்ந்தெடுத்தது. நடுநிலை நாடான ருமேனியா வழியே அவர்களைக் கொண்டுபோக வேண்டும். சர்க்கஸ் குழு என்று சொல்லி ரயிலில் கூட்டிப்போனார்கள். ஜிஹாத் அறிவிப்புக்குக் கூடிய இஸ்தான்புல் கூட்டத்தின் முன் அவர்களை நிறுத்திக் காட்டினார்கள். கைதியைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதற்குக் கிடைத்த முதல் விடை, அவரை மேடையேற்றலாம் என்பதாக இருந்தது. முகாம் காலம் முழுக்க இந்த விடை பெரிதாக மாறவில்லை.

முகாமில் யார் இருந்தார்கள்

1915 தொடக்கத்தில் கைதிகளைப் பிரித்து அனுப்பும் வேலை தொடங்கியது. ரஷ்யப் படையின் தாத்தார் முஸ்லிம்கள் ட்சோசன் அருகே வைன்பெர்க் முகாமுக்குப் போனார்கள். அவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம், பத்தாயிரத்துக்கும் மேல். பிரெஞ்சு, ஆங்கிலேயப் படைகளிலிருந்து பிடிபட்டவர்கள் பிறை முகாமுக்கு வந்தார்கள். நாலாயிரம் ஐயாயிரம் பேர் இருந்திருப்பார்கள்.

அதிலும் பல வகை. அல்ஜீரியர், துனிசியர், மொராக்கோக்காரர், மேற்கு ஆப்பிரிக்கர். இந்தியர்கள் சில நூறு பேர். பஞ்சாபி முஸ்லிம், பட்டாணியர், சீக்கியர், கார்வாலிகள், கூர்க்காக்கள் என்று அவர்களுக்குள்ளும் கலவை. போர் தொடங்கிய நேரத்தில் ஜெர்மன் துறைமுகங்களில் மாட்டிக்கொண்ட ஆங்கிலேயக் கப்பல்களின் இந்திய ஊழியர்களும் உண்டு. அவர்கள் துப்பாக்கியே தொடாதவர்கள்.

புனிதப் போருக்கு ஆள் திரட்டும் முகாமில் சீக்கியரும் இந்துக்களும் எதற்கு? இந்தியர்கள் விஷயத்தில் பெர்லினுக்கு இன்னொரு கணக்கு இருந்தது. 1914 இறுதிக்குள் அங்கே இந்தியப் புரட்சியாளர்களின் குழு ஒன்று உருவாகியிருந்தது. வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா, பூபேந்திரநாத் தத்தா, மௌல்வி பரக்கத்துல்லா, ஹர் தயால், நம் செண்பகராமன் பிள்ளை ஆகியோர் அப்போதோ பின்னரோ அதில் சேர்ந்தார்கள். (சென்னையில் 1914 செப்டம்பர் 22 அன்று குண்டு போட்ட எம்டன் கப்பலில் செண்பகராமன் வந்தார் என்ற கதைக்கு ஆதாரம் இல்லை. அவர் அப்போது ஐரோப்பாவில்தான் இருந்தார்.) அவர்களுக்கு வேண்டியது இந்திய விடுதலை. முஸ்லிம் உலகின் தலைவர், அதாவது கலீபா, என்ற முறையில் உஸ்மானிய சுல்தானின் பெயரால் நடக்கும் போரில் அவர்களில் பலருக்கு ஈடுபாடு கிடையாது. ஆக, ஒரே முகாமில் ஒரே அலுவலகத்தின் பெயரால் இரண்டு வேறு பிரசாரங்கள் நடந்தன. முஸ்லிம்களிடம் மதம் பேசினார்கள். இந்தியர்களிடம் தேசம் பேசினார்கள். இந்திய முஸ்லிம் சிப்பாய் இரண்டையும் கேட்டார்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

பெர்லினில் இதை நடத்தியது கிழக்கு நாடுகளுக்கான செய்தி அலுவலகம். முதலில் ஓப்பன்ஹைம், பிறகு ஷாபிங்கர், 1916-லிருந்து ஓய்கன் மிட்வோக் என்று தலைமை கைமாறியது. மிட்வோக் ஆசாரமான யூத அறிஞர். ஜிஹாத் பிரசார அலுவலகத்தை யூதர் ஒருவர் நடத்தினார் என்பது இன்று விநோதமாகத் தெரியலாம். அன்று அவர் பெர்லினின் சிறந்த அரபு, செமிட்டிக் மொழி வல்லுநர்களில் ஒருவர். அலுவலகத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

முதல் முடிவு, நல்ல உபசரிப்பு. சமையல் அவரவர் மத வழக்கப்படி. ஆடுகளை அவர்களே அறுத்துக்கொள்ளலாம். நோன்பும் பெருநாளும் தடையின்றி நடந்தன. ஜெர்மனியின் மற்ற கைதி முகாம்களோடு ஒப்பிட்டால் இது சலுகை முகாம்தான். எண்ணம் வெளிப்படையானது: இங்கே கிடைக்கும் மரியாதை உன் பழைய எஜமானனிடம் கிடைத்ததா என்று கைதி தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பள்ளிவாசல். மரத்தால், சில வாரங்களிலேயே கட்டி முடித்தார்கள். ஜெருசலேமின் பாறைக் குவிமாடத்தை நினைவூட்டும் வடிவம், 23 மீட்டர் உயர மினாரா. செலவு 45,000 மார்க். 1915 ஜூலை 13 அன்று, அந்த ஆண்டு ரமலான் தொடங்கும் நேரத்தில், உஸ்மானியத் தூதர் முன்னிலையில் திறந்தார்கள். ஜெர்மன் மண்ணில் தொழுகைக்கென்று எழுந்த முதல் பள்ளிவாசல் இதுதான். உடனே படமெடுத்து அஞ்சலட்டையாக அச்சடித்தார்கள். கட்டடத்தைப் பற்றிய செய்தி நடுநிலை நாடுகளுக்கும் உஸ்மானிய நகரங்களுக்கும் போய்ச் சேருவது உள்ளே நடக்கும் தொழுகைக்குச் சமமான நோக்கமாக இருந்தது. கூடுதலாகவே இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

மூன்றாவது, பேச்சும் அச்சும். கைதிகளுக்காக ‘ஜிஹாத்’ என்ற பெயரிலேயே பத்திரிகை அரபு, தாத்தார், ரஷ்ய மொழிகளில் வந்தது. இந்தியர்களுக்கு ‘ஹிந்துஸ்தான்’ உருதுவிலும் இந்தியிலும் வந்தது. துனிசிய அறிஞர் சாலிஹ் அஷ்ஷரீஃப், தாத்தார் பயணி அப்துர்ரஷீத் இப்ராஹிம், தாத்தார் இமாம் ஆலிம்ஜான் இத்ரிஸ் போன்றவர்கள் முகாம்களுக்கு வந்து பேசினார்கள். பெர்லின் இந்தியக் குழுவினரும் வந்துபோனார்கள்.

நான்காவது முடிவுதான் மற்ற மூன்றின் இலக்கு: சம்மதிப்பவர்களை உஸ்மானியப் படைக்கு அனுப்புவது. 1907-ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தம், எதிரி நாட்டவரை அவர்கள் சொந்த நாட்டுக்கு எதிரான போர்ச் செயல்களில் ஈடுபடக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. அதனால் ‘விருப்பத்தோடு’ என்ற சொல் கோப்புகளில் அவசியமாக இருந்தது.

கவனித்தவை

முதலில் பிரசாரத்துக்குச் சாதகமானவற்றைச் சொல்லிவிடலாம். அல்ஜீரியாவில் 1912-இல்தான் பிரெஞ்சு அரசு முஸ்லிம்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கத் தொடங்கியிருந்தது. அந்தக் கசப்பு உண்மையானது. 1915-இல் ஓர் அல்ஜீரிய அதிகாரி தானாகவே ஜெர்மானியர் பக்கம் வந்தார். பிரெஞ்சுப் படையில் முஸ்லிம்களை எப்படி நடத்துகிறார்கள் என்று எழுதிய அவருடைய துண்டுநூல் பரவலாக விநியோகமானது. இந்தியப் படையில் பேசப்பட்ட சம்பவம் 1915 மார்ச் தொடக்கத்தில் நடந்தது. பிரான்சில் நோவ் ஷாப்பெல் அருகே, அப்ரிதி என்ற பட்டாணிய இனக்குழுவைச் சேர்ந்த ஒரு ஜமேதார் (இளநிலை இந்திய அதிகாரி) சில ஆட்களோடு இருட்டில் ஜெர்மன் பதுங்கு குழிகளுக்குப் போய்ச் சேர்ந்தார். இதனால் கலங்கிய ஆங்கிலேய நிர்வாகம், எல்லைக்கு அப்பாலிருந்து வரும் பட்டாணியரைப் படையில் சேர்ப்பதை அந்த ஆண்டு இறுதிக்குள் நிறுத்திக்கொண்டது. பிறை முகாமிலிருந்து சில பட்டாணியர் காபூல் தூதுக்குழுவோடு பயணமானார்கள்.

இந்த ஜமேதாரின் சொந்தச் சகோதரரும் இந்தியப் படையில் ஜமேதார். அதே ஆண்டு ஏப்ரலில் ஈப்ரு போரில் காட்டிய துணிவுக்காக ஆங்கிலேயரின் உயரிய விருதான விக்டோரியா சிலுவை அவருக்குக் கிடைத்தது. ஒரே குடும்பம், ஒரே மதம், ஒரே இனக்குழு. எடுத்த முடிவுகள் எதிரெதிர். முஸ்லிம் சிப்பாய் எப்படி நடந்துகொள்வார் என்று பொதுவாகக் கணித்த யாருக்கும், பெர்லினானாலும் லண்டனானாலும், இந்த ஒரு குடும்பமே போதுமான மறுப்பு.

பெரும்பான்மைக் கைதிகள் என்ன செய்தார்கள்? நல்ல சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். பள்ளிவாசலில் தொழுதார்கள். பேச்சுகளைக் கேட்டார்கள். பிறகு தங்கள் கட்டிலுக்குத் திரும்பிவிட்டார்கள்.

இதை வெறும் ராஜவிசுவாசம் என்று சொல்லிவிட முடியாது. ஆங்கிலேயர்கள் அப்படித்தான் சொல்லிப் பெருமைப்பட்டார்கள். ஒரு பஞ்சாபிச் சிப்பாயின் நிலையிலிருந்து பார்ப்போம். மாதம் 11 ரூபாய் சம்பளம். அது ஊரில் ஒரு குடும்பத்தின் நம்பிக்கை. பணி முடிந்தால் ஓய்வூதியம். அதிர்ஷ்டம் இருந்தால் கால்வாய்ப் பாசனக் குடியேற்றத்தில் நிலம். பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவர் பெரும்பாலும் அதே ஊர், சில சமயம் உறவினர். மறுபக்கம் போனால் செய்தி ஊருக்கு எட்டும். வீட்டுக்குப் பணம் நிற்கும். போர் முடிந்த பின் இராணுவ விசாரணை காத்திருக்கும். உப்பிட்டவரை நினைப்பது என்ற நம் வழக்கு அந்தச் சிப்பாய்களிடமும் இருந்தது. அந்த உப்புக்குள் சம்பளமும் நிலமும் குடும்ப மானமும் சேர்ந்தே கிடந்தன. இவற்றில் எதற்கும் ஜெர்மனியிடம் மாற்று இல்லை. கலீபாவின் அழைப்பு மட்டும் இருந்தது. கலீபா பஞ்சாபில் யாருக்கும் ஓய்வூதியம் கொடுக்கப்போவதில்லை.

இதே நேரத்தில் முகாமில் இன்னொரு வேலையும் நடந்தது. 1915-இல் அமைந்த பிரஷ்ய ஒலிப்பதிவுக் குழு, வில்ஹெல்ம் டோகன் முயற்சியில், கைதிகளின் மொழிகளையும் பாடல்களையும் தட்டுகளில் பதிவு செய்யத் தொடங்கியது. போர் முடியும்வரை முப்பதுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 1,650 தட்டுகள் பதிவாயின. இந்திய மொழிகளுக்கு ஹைன்ரிஷ் லூடர்ஸ் போன்ற அறிஞர்கள் உதவினார்கள். அறிஞர்களுக்கு வேண்டியது உச்சரிப்பு மாதிரி. கைதி என்ன பேசுகிறார் என்பது அவர்களுக்கு இரண்டாம்பட்சம்.

ஆனால் நமக்கு அதுதான் முக்கியம். 1916 டிசம்பரில் வூன்ஸ்டார்ஃபில் ஒரு சீக்கியச் சிப்பாய் ஒலிக்கூம்பின் முன் சில வரிகள் சொன்னார். தன்னைப் பற்றியே ‘ஒரு மனிதன்’ என்று மூன்றாம் ஆளாகப் பேசினார். அந்த மனிதன் ஹிந்துஸ்தானத்தில் வெண்ணெய் சாப்பிட்டு, பால் குடித்து வாழ்ந்தான். ஆங்கிலேயரிடம் வேலைக்குச் சேர்ந்தான். ஐரோப்பியப் போருக்கு வந்து ஜெர்மனியிடம் பிடிபட்டான். ஊர் திரும்ப ஆசைப்படுகிறான். கடவுள் கருணை காட்டினால் சீக்கிரம் சமாதானம் வரும். கலீபாவும் இல்லை, இந்திய விடுதலையும் இல்லை, ஆங்கிலேயச் சக்கரவர்த்தியும் இல்லை. பிரசார அலுவலகம் தன் சொந்த முகாமில் கிடைத்த இந்தப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால், கைதிகளின் மனநிலை பற்றிய பல அறிக்கைகளை எழுத வேண்டியிருந்திருக்காது.

நடந்து முடிந்தது

1917 வரை உஸ்மானியப் பகுதிகளுக்கு அனுப்பப்பட்டவர்களில் வட ஆப்பிரிக்கர்கள் ஆயிரத்துச் சொச்சம். தாத்தார்களும் கிட்டத்தட்ட அதே அளவு. இந்தியர்கள் ஐம்பதுக்கும் கீழே. போனவர்களிடமிருந்தும் நல்ல செய்தி வரவில்லை. மெசொப்பொட்டேமியாவுக்கு அனுப்பப்பட்ட வட ஆப்பிரிக்கர்கள் உஸ்மானிய அதிகாரிகள் தங்களை நடத்திய விதத்தில் வெறுத்துப்போனார்கள், தப்பியோடியவர்களும் உண்டு. பெர்லினில் காட்டிய உபசாரம் பாக்தாத்தில் தொடரவில்லை. அங்கே அவர்கள் யாருக்கும் காட்சிப்பொருள் அல்ல, வெறும் சிப்பாய்கள்.

வெளியிலும் திட்டத்தின் அடித்தளம் கரைந்துகொண்டிருந்தது. 1916 மே மாதம் காபூல் தூதுக்குழு வெறுங்கையோடு கிளம்பியது. அமீர் ஹபீபுல்லா எல்லாரையும் விருந்தாளியாக வைத்திருந்து, உடன்படிக்கை வரைவு வரை வந்து, கடைசியில் போருக்கு மட்டும் வரவில்லை. அடுத்த மாதம் மக்காவின் ஷரீஃப் ஹுசைன் உஸ்மானியருக்கு எதிராகவே எழுந்தார். மக்காவே மறுபக்கம் நின்ற பிறகு கலீபாவின் ஜிஹாத் என்று வூன்ஸ்டார்ஃபில் எதைச் சொல்வது?

பிரசாரம் ஓர் இடத்தில் மட்டும் தெளிவான விளைவைத் தந்தது. எதிரிகள் பயந்தார்கள். பிரான்ஸ் 1916-இல் பாரிஸ் அருகே நோஜான்-சுர்-மார்னில் தன் காயம்பட்ட முஸ்லிம் வீரர்களுக்காக ஒரு மரப் பள்ளிவாசல் கட்டியது. இங்கிலாந்தில் இறக்கும் முஸ்லிம் சிப்பாய்களை முறைப்படி அடக்கம் செய்வதில்லை என்று ஜெர்மனி பரப்பிய செய்திக்குப் பதிலாக, வோகிங் அருகே ஒரு தனி முஸ்லிம் அடக்கத்தலம் உருவானது. தங்கள் சொந்தச் சிப்பாய்களுக்கு அந்த அரசுகள் செய்த சில மரியாதைகளுக்கு ஜெர்மனியின் பள்ளிவாசல் மறைமுகக் காரணம். திட்டம் தீட்டியவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

பெர்லினின் கை எட்டாத சிங்கப்பூரில் 1915 பிப்ரவரி 15 அன்று ஒரு கலகம் வெடித்தது. ஆங்கிலேய இந்தியப் படையைச் சேர்ந்த ஐந்தாம் இலகுரகக் காலாட்படையின் முஸ்லிம் சிப்பாய்களில் ஒரு பகுதி கிளர்ந்தெழுந்தது. துருக்கியரோடு போரிட அனுப்பப்போகிறார்கள் என்ற வதந்தியும், அதிகாரிகளுக்குள் இருந்த பூசலும் சேர்ந்த விளைவு அது. அவர்கள் காவல் காத்த கைதிகளில் எம்டன் மாலுமிகளும் இருந்தார்கள். தூபம் போட்டவர்கள் அவர்களில் உண்டு. கலகக்காரர்கள் கைதி முகாமைத் திறந்து, சேர்ந்து போரிட வாருங்கள் என்று அழைத்தபோது பெரும்பாலான ஜெர்மானியர்கள் மறுத்துவிட்டார்கள். சிலர் மட்டும் தப்பியோட அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். பிறகு 47 சிப்பாய்களைப் பொதுமக்கள் முன்னிலையில் சுட்டுக் கொன்றது ஆங்கிலேய அரசு. கிளர்ச்சிக்கு அழைத்தவர்களும் விலை கொடுத்தவர்களும் ஒரே ஆட்கள் அல்ல.

வூன்ஸ்டார்ஃபில் விலை வேறு வடிவத்தில் வந்தது. பிராண்டன்பர்க் குளிரும் நுரையீரல் நோய்களும் கைதிகளைக் கொன்றன. 1917-இல் தாத்தார் அல்லாத பெரும்பாலானோரை, தட்பவெப்பம் ஒத்துக்கொள்ளும் என்று, ஜெர்மனி பிடித்து வைத்திருந்த ருமேனியாவுக்கு மாற்றி விவசாய வேலையில் விட்டார்கள். பிரசார முகாம் என்ற கதை அதோடு முடிந்தது. அருகிலுள்ள ட்சேரன்ஸ்டார்ஃப் இடுகாட்டில் இந்தியர்களின் கல்லறைகள் மட்டும் 206. உஸ்மானியப் படைக்குப் போன இந்தியர்களின் எண்ணிக்கையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பள்ளிவாசல் பராமரிப்பின்றிச் சிதைந்து, 1920-களில் இடிக்கப்பட்டது. அந்த இடமே பின்னால் ஜெர்மன் தரைப்படைத் தலைமையகமாகவும், அப்புறம் 1994 வரை சோவியத் படைத் தளமாகவும் ஆனதால், இடுகாட்டையும் நீண்ட காலம் யாரும் நெருங்க முடியவில்லை. 2005-இல்தான் சீரமைத்துத் திறந்தார்கள்.

மீண்டும் அதே திட்டம்

தோல்வியிலிருந்து பெர்லின் என்ன கற்றது என்பதற்கு இரண்டு தகவல்கள் போதும். 1940 ஜூலையில், பிரான்ஸ் வீழ்ந்த கையோடு, எண்பது வயது ஓப்பன்ஹைம் வெளியுறவு அமைச்சகத்துக்கு மறுபடி ஓர் அறிக்கை எழுதினார்: அரபு நாடுகளில் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ச்சியைத் தூண்ட வேண்டும். தந்தை வழியில் யூத வம்சாவளி. நாஜி அரசின் இனச் சட்டங்கள் அவரை என்ன சொல்லின என்று அவருக்கே தெரியும். இருந்தும் எழுதினார். இரண்டாவது, ஆலிம்ஜான் இத்ரிஸ். வூன்ஸ்டார்ஃபில் இளம் இமாமாக இருந்தவர், இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் டிரெஸ்டன் நகரில் நாஜிகளின் எஸ்.எஸ். படையின் முஸ்லிம் பிரிவுகளுக்காக முல்லாக்களைத் தயார்செய்யும் பள்ளியில் வேலை பார்த்தார்.

இந்த முறை பலர் சேர்ந்தார்கள், முன்பைவிட மிக அதிகமாக. காரணம் பிரசாரமா? சோவியத் கைதிகளை ஜெர்மனி பட்டினி போட்டுச் சாகடித்துக்கொண்டிருந்தது. அந்த முகாமைவிட்டு வெளியேறப் படையில் சேருவது ஒரு வழி. 1915-இல் நல்ல சோறு போட்டுக் கேட்டபோது வராத ஆட்கள், சோறே இல்லாதபோது வந்தார்கள். இதை மதத்தின் வெற்றியாக எழுதும் அறிக்கைகளை நம்புவதற்கில்லை.

எதை மாற்றியிருக்க வேண்டும்

புனிதப் போர்த் திட்டத்தை எப்படி இன்னும் நன்றாக நடத்தியிருக்கலாம் என்பது இங்கே கேள்வி அல்ல. கைதிகளை வைத்துச் செயல்படும் எந்த அதிகாரத்துக்கும் பொருந்தும் சில இடங்களை மட்டும் சொல்கிறேன்.

அலுவலகம் தன் வேலையைத் தானே அளந்துகொண்டது. எத்தனை இதழ் அச்சடித்தோம், யார் யார் வந்து பேசினார்கள், திறப்பு விழாவுக்கு எந்தத் தூதர் வந்தார் என்பதெல்லாம் கோப்பில் ஏறின. அளக்க வேண்டிய ஒரே எண், எத்தனை பேர் சேர்ந்தார்கள், சேர்ந்தவர்கள் தங்கினார்களா என்பது. 1915 இறுதியிலேயே அதைப் பார்த்திருந்தால் முகாமைச் சாதாரண முகாமாக மாற்றி, குளிர் தாங்காதவர்களை அப்போதே தெற்கே அனுப்பியிருக்கலாம். இரண்டு குளிர்காலம் வீணானது. எனக்கு மிகக் கனமாகத் தோன்றும் தவறு இதுதான். அந்த இரண்டு குளிர்காலத்துக்குள்தான் பலர் செத்தார்கள்.

அடுத்தது, உபசரிப்பையும் பிரசாரத்தையும் ஒட்டிவைத்தது. தொழ இடமும் ஏற்ற உணவும் கைதிக்கு உரியவை. அதைப் பேரத்தின் முன்பணமாகக் கொடுத்ததால், வாங்கியவர் மனத்திலும் கொடுத்தவர் மனத்திலும் கணக்கு ஒன்று தொடங்கிவிட்டது. கைதிகள் அந்தப் பேரத்தைப் புரிந்துகொண்டு, பண்டத்தை வாங்கிக்கொண்டு விலையைக் கொடுக்காமல் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கடைசியாக, ‘விருப்பத்தோடு’ என்ற அந்தச் சொல். 1929-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தம் கைதிகளின் மதச் சுதந்திரத்தைத் தனி விதியாகவே எழுதியது. 1949-இல் வந்த மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தம் 130-ஆம் விதியில், கைதியை எதிரிப் படையில் சேரக் கட்டாயப்படுத்துவதைக் கடும் மீறலாக அறிவித்தது. வூன்ஸ்டார்ஃபில் துப்பாக்கி முனையில் யாரையும் சேர்த்ததாகச் சொல்ல முடியாது. எனவே அந்த விதி மட்டும் இருந்தால் ஜெர்மானிய அதிகாரிகள் தப்பித்துவிடுவார்கள். ஆனால் அதே ஒப்பந்தத்தின் 7-ஆம் விதி, கைதி தனக்குள்ள உரிமைகளைத் தானே விரும்பினாலும் விட்டுக்கொடுக்க முடியாது என்கிறது. கம்பிவேலிக்குள் இருப்பவர் தரும் சம்மதத்தை அப்படியே சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்ற நிலைப்பாடு அது. பிறை முகாமின் நான்காவது முடிவு இன்று எடுக்கப்பட்டால், அதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டிய இடம் இந்த விதிதான்.